நானோ களிமண் மீன் பெட்டி: ராமநாதபுரம் கடற்கரைக்குத் தேறுமா?

கடைக்காரர் ஒரு மீன் பெட்டியை எடுத்து வைத்து, "நானோ களிமண் கலந்தது, லேசா இருக்கும், வளையாது, ஐஸ் சீக்கிரம் கரையாது" என்கிறார். வழக்கமான பெட்டியைவிட விலை கூட. பாம்பன், மண்டபம், தொண்டி, ஏர்வாடிப் பக்கம் பெட்டி வாங்குகிறவர் அதற்குப் பணம் கொடுக்கலாமா?

படகில் ஏறி இறங்கி, இறங்குதளத்தில் வெயிலில் கிடக்கப் போகும் பெட்டி என்றால் வேண்டாம். களிமண் கலக்காத நல்ல எச்.டி.பி.இ. (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) பெட்டியே வாங்குங்கள். குளிர் அறைக்குள்ளேயே இருந்து, மேலே அடுக்கடுக்காகச் சுமை தாங்கும் பெட்டி என்றால் வாங்கலாம். ஆனால் வார்த்தவரிடம் சில கணக்குகளைக் கேட்டுவிட்டு. வலைக் கப்பி, உருளை போன்ற நைலான் சாமான்களில் இதே களிமண் நன்றாகவே பயன்படும். அது தனிக் கதை, பின்னால் வருகிறது.

முதலில் அந்த ஐஸ் பேச்சைத் தள்ளிவிடலாம். பெட்டிச் சுவர் 3 மி.மீ. கனம் இருக்கும். அதில் நூற்றுக்கு 3, 4 பங்கு களிமண் கலந்தால் சூடு உள்ளே வருவது குறையாது. ஐஸைக் காப்பது இரட்டைச் சுவரும் நடுவில் இருக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) ஃபோமும்தான். ஒற்றைச் சுவர்ப் பெட்டியை இந்தக் காரணத்துக்காகக் கூடுதல் விலைக்கு விற்பது நியாயமில்லை.

விறைப்பு பற்றிய பேச்சு உண்மை. பென்டோனைட்டில் இருக்கும் மாண்ட்மொரிலோனைட் என்ற களிமண்ணின் ஒவ்வொரு தகடும் ஏறக்குறைய 1 நானோமீட்டர் கனம்தான். அகலம் அதைப்போல நூறு மடங்குக்கு மேல். தகடுகள் சீட்டுக்கட்டு போல அடுக்காக ஒட்டிக் கிடக்கின்றன. அந்தக் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு சீட்டாக பிளாஸ்டிக்குக்குள் பரப்பிவிட்டால், 4 சதவீதக் களிமண்ணே 20 சதவீத டால்க் (மாக்கல் தூள்) செய்யும் வேலையில் பெரும்பங்கைச் செய்துவிடும். ஜப்பானின் டொயோட்டா ஆராய்ச்சிக் கூடம் 1980களின் கடைசியில் நைலான்-6இல் இதைச் செய்து காட்டியது. 5 சதவீதத்துக்கும் குறைவான களிமண்ணில், சுமையோடு சூட்டில் வளையும் வெப்பநிலை 65 டிகிரி செல்சியஸிலிருந்து 150 டிகிரிக்கு அருகே ஏறியது. இந்தத் துறைக்கே அதுதான் தொடக்கம்.

அந்தப் பெயரை வைத்துத்தான் பெட்டி விற்கப்படுகிறது. ஆனால் டொயோட்டா செய்தது நைலானை உருவாக்கும்போதே தகடுகளுக்கு நடுவில் அதை வளரவிட்ட முறை. மீன் பெட்டிக்காரர் செய்வது மூட்டையில் வாங்கிய மாஸ்டர்பேட்சை (களிமண்ணைச் செறிவாகக் கலந்த குருணை) பாலிப்ரொப்பிலீன் குருணையோடு கலந்து இன்ஜெக்‌ஷன் மெஷினில் போடுவது. பாலிப்ரொப்பிலீனுக்கும் களிமண்ணுக்கும் இயல்பாக ஒட்டாது. அதனால் களிமண்ணுக்கு முதலில் கொழுப்பு வால் உள்ள குவாட்டர்னரி அமோனியம் உப்பைப் பூசுகிறார்கள். தகடுகளின் இடைவெளி 1.2 நானோமீட்டரிலிருந்து 2.5, 3 வரை விரிகிறது. பிறகு மலீயிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிப்ரொப்பிலீனைக் களிமண்ணுக்குச் சமமாகவோ மூன்று மடங்கு வரையோ சேர்க்கிறார்கள். எல்லாக் கோளாறும் தொடங்குவது அந்த அமோனியப் பூச்சில்தான்.

அந்தப் பூச்சு 180 டிகிரிக்குப் பக்கத்திலேயே சிதையத் தொடங்கிவிடும். சில வகைகளில் 155 டிகிரியிலேயே அறிகுறி தெரியும். பாலிப்ரொப்பிலீனை வார்க்கும் வெப்பமோ 200 முதல் 240 வரை. அதாவது பேரலுக்குள் (மெஷினில் பிளாஸ்டிக் உருகும் குழாய்) நுழைந்த நிமிடத்திலிருந்து பூச்சு உதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஹாஃப்மன் நீக்கம் என்று வேதியியலில் படித்திருப்பீர்கள்: நீண்ட வால் ஓலிஃபினாகக் கழன்று போகும், அமீன் ஆவியாகும், களிமண்ணின் மேல் ஒரு அமிலப் புள்ளி மிஞ்சும். இந்த மூன்றுக்கும் மூன்று விளைவு உண்டு. வால் கழன்ற தகடுகள் மறுபடியும் நெருங்கி ஒட்டிக்கொள்வதால் காசு கொடுத்து வாங்கிய விறைப்பு போகிறது. அமீன் நாற்றமும் மஞ்சள் நிறமும் தருகிறது. அமிலப் புள்ளி பிளாஸ்டிக்கின் சங்கிலியை அறுப்பதற்குத் துணை நிற்கிறது. அதோடு, பாதுகாப்புக்காகச் சேர்த்த மருந்துகளையும் முடக்குகிறது.

எவ்வளவு சிதையும் என்பதை முடிவு செய்வது சூடும் நேரமும் சேர்ந்துதான். நேரத்தைக் கணக்கிடுவது எளிது: பேரலுக்குள் இருக்கும் உருகலின் எடையை ஒரு ஷாட்டின் (ஒரு முறை அச்சுக்குள் செலுத்தும் உருகல்) எடையால் வகுத்து, சைக்கிள் நேரத்தால் (ஒரு முறை வார்க்க ஆகும் நேரம்) பெருக்குங்கள். பேரலில் 6.4 கிலோ, பெட்டி 1.6 கிலோ, சைக்கிள் 50 விநாடி என்றால் 200 விநாடி, அதாவது மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். தேறும். அதே மெஷினில் அதே கலவையைப் போட்டு 400 கிராம் மூடியை 40 விநாடி சைக்கிளில் வார்த்தால் 640 விநாடி. பத்து நிமிடத்துக்கு மேல் 210 டிகிரியில் வெந்த களிமண் நானோ களிமண்ணாக இருக்காது. பெட்டி நன்றாகவும் அதோடு வந்த மூடி மஞ்சளாகவும் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. ஹாட் ரன்னர் மோல்டு (உருகலைச் சூடான வழிகளில் கொண்டுபோகும் அச்சு) என்றால் அதன் மேனிஃபோல்டுக்குள் (அந்த வழிகள் பிரியும் பகுதி) கிடக்கும் உருகலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதன் மூலைகளில் தேங்குவது மணிக்கணக்கில் வெந்து, பழுப்புக் கோடாக எப்போதாவது ஒரு பெட்டியில் வெளியே வரும்.

சூட்டில் இன்னொரு மறைவு இருக்கிறது. திரையில் 205 என்று இருந்தாலும் ஸ்க்ரூ வேகமாகச் சுழன்றால் உராய்விலேயே உருகல் 20 டிகிரி கூடப் போகும். களிமண் கலந்த உருகல் கெட்டியானது. பெட்டியின் மூலைவரை போய்ச் சேராவிட்டால் ஆபரேட்டர் முதலில் செய்வது சூட்டை ஏற்றுவதுதான். அந்த ஒரு காரியம் மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடும். செய்ய வேண்டியது வேறு: மெல்ட் ஃப்ளோ (உருகல் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்ற அளவு) கூடுதலாக உள்ள பாலிப்ரொப்பிலீன் கிரேடை எடுப்பது, கேட்டின் (உருகல் அச்சுக்குள் நுழையும் வாய்) எண்ணிக்கையைக் கூட்டுவது, மோல்டைச் சற்று வெதுவெதுப்பாக வைப்பது. உருகலின் சூடு 190இலிருந்து 205க்குள் நிற்க வேண்டும். பேரலில் இருக்கும் நேரம் 5 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஸ்க்ரூ சுழற்சியை, குளிரும் நேரம் முடிவதற்குச் சற்று முன்பு உருகல் நிரம்பும் அளவுக்குக் குறைத்தால் போதும். பேக் பிரஷர் (ஸ்க்ரூ பின்னால் நகர்வதைத் தடுக்கும் அழுத்தம்) குறைவாகவே இருக்கட்டும். உண்மைச் சூட்டை அறிய உருகலைத் தகட்டில் கொட்டி, முன்கூட்டியே சூடாக்கிய ஊசி வெப்பமானியைக் குத்திப் பார்க்க வேண்டும். இதைக் கேட்டதும் விழிக்கிறவரிடம் பெட்டி வாங்க வேண்டாம்.

"பேக் பிரஷர் ஏற்றி நன்றாகக் கலக்கிவிட்டால் தகடு பிரியும்" என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. இன்ஜெக்‌ஷன் மெஷினின் ஒற்றை ஸ்க்ரூ அடுக்கைப் பிரிக்காது, களிமண்ணை வேகத்தான் வைக்கும். தகடு பிரிய வேண்டிய இடம் மாஸ்டர்பேட்ச் செய்யும் இரட்டை ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடர். அங்கேயும் வெறும் அழுத்தித் தேய்ப்பு போதாது. பாலிமர் தகடுகளுக்கு நடுவே நுழைய நேரம் வேண்டும். அதே நேரம் கூடினால் பூச்சு சிதையும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் குறுகலான இடத்தைப் பிடித்தவரே நல்ல மாஸ்டர்பேட்ச் தயாரிப்பாளர். வெளியேறும் அமீனையும் ஈரத்தையும் இழுக்க வாக்குவம் வென்ட் இருந்ததா என்று அவரிடம் கேளுங்கள்.

கடலோரத்தில் வார்த்தால் இதோடு ஈரக்காற்றும் சேர்கிறது. பாலிப்ரொப்பிலீனை யாரும் உலர்த்துவதில்லை, தேவையும் இல்லை. களிமண் மாஸ்டர்பேட்ச் அப்படியல்ல. மூட்டையைப் பிரித்து வைத்தால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மாத மழைக்காற்றில் ஒரு ராத்திரி திறந்து கிடந்த மூட்டையை அப்படியே ஹாப்பரில் கொட்டினால் பெட்டிச் சுவரில் வெள்ளிக் கோடுகள் ஓடும், உள்ளே நுண்குமிழ் நிற்கும். 80 டிகிரியில் 3, 4 மணி நேரம் உலர்த்தி, பிரித்த மூட்டையை அந்த ஷிஃப்டிலேயே முடிக்க வேண்டும்.

மின்வெட்டு அதைவிட மோசம். கரண்ட் போனதும் ஹீட்டர் அணையும், ஆனால் பேரல் சட்டென்று ஆறாது. உள்ளே நிற்கும் கலவை வெந்துகொண்டே இருக்கும். ஜெனரேட்டர் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால், முதல் நாலைந்து பெட்டிகள் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே நொறுங்கும் சரக்கு. பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் பேரலைக் காலி செய்து, களிமண் இல்லாத குருணையால் கழுவி, பிறகே வார்ப்பைத் தொடர வேண்டும். வேலை முடியும் நாளிலும் அப்படியே. கழுவிக் கொட்டிய கட்டியை அரைத்து மறுபடி கலவையில் போடுவது கூடாது. கேட், ரன்னர் துண்டுகளை அரைத்துச் சேர்ப்பதையும் பத்துக்கு ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு முறை வேகும்போதும் மிச்சப் பூச்சு கொஞ்சம் கழல்கிறது.

எந்த பிளாஸ்டிக் எப்படிக் கெடுகிறது என்பதில் வேறுபாடு உண்டு. பாலிப்ரொப்பிலீனில் சங்கிலி அறுந்து குட்டையாகும். மெல்ட் ஃப்ளோ ஏறும். பாலிஎத்திலீனில் பெரும்பாலும் சங்கிலிகள் கிளைவிட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மெல்ட் ஃப்ளோ இறங்கும், ஜெல் கட்டிகள் தெரியும். ஆக, மெல்ட் ஃப்ளோ மாறவில்லை என்றால்தான் நல்லது; ஏறினாலும் இறங்கினாலும் சந்தேகப்பட வேண்டும். அதை அளக்கும் நிலை பாலிப்ரொப்பிலீனுக்கு 230 டிகிரி, 2.16 கிலோ எடை; எச்.டி.பி.இ.க்கு 190 டிகிரி, அதே எடை. வார்ப்புக்குப் போகும் கலவையின் எண்ணையும், வார்த்த பெட்டியிலிருந்து வெட்டிய துண்டின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். கால் பங்கு வரை ஏறினால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு மடங்கானால் அந்த லாட்டையே திருப்பி அனுப்பிவிடுங்கள்; இது எங்கள் அளவுகோல். ஆயிரக்கணக்கில் வாங்கும் ஏற்றுமதிக் கம்பெனிகள் சென்னை கிண்டியில் உள்ள மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டுக்குத் துண்டு அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சரியாகச் செய்த பெட்டியையும் படகுக்கு வேண்டாம் என்று சொல்ல இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று வெயில். மாண்ட்மொரிலோனைட்டின் உடம்பிலேயே இரும்பு இருக்கிறது. குஜராத்தின் கட்ச் பகுதி பென்டோனைட்டில் அது இன்னும் அதிகம். சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டதும் பாலிப்ரொப்பிலீன் ஆக்சிஜனேற்றம் அடைவதை இந்த இரும்பு முடுக்கிவிடும். அதைத் தடுக்கச் சேர்க்கும் ஹால்ஸ் மருந்து காரத்தன்மை உள்ளது. பேரலில் உண்டான அமிலப் புள்ளிகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதனால் சாதாரணப் பெட்டிக்குப் போதுமான மருந்து களிமண் பெட்டிக்குப் போதாது. காரத்தன்மை குறைந்த என்.ஓ.ஆர். (NOR) வகை ஹால்ஸ், கொஞ்சம் கால்சியம் ஸ்டியரேட் அல்லது ஹைட்ரோடால்சைட், இரும்பை அடக்கும் மருந்து என்று தனியாகத் திட்டமிட வேண்டும். விலைப் போட்டியில் முதலில் வெட்டப்படுவது இவைதான். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருடத்திலேயே கடுமையான அந்த வெயிலில்தான் விசைப்படகுக்காரர்களின் பெட்டிகள் வேலையில்லாமல் திறந்த வெளியில் அடுக்கிக் கிடக்கின்றன. அடுக்கின் மேல் பெட்டியும் கிழக்கு, மேற்குப் பக்கச் சுவர்களும் முதலில் வெளுத்து, விரலால் தேய்த்தால் மாவு ஒட்டும். உப்புத் தண்ணீரைக் குற்றம் சொல்ல வேண்டாம். இந்த பிளாஸ்டிக்குகளை அது ஒன்றும் செய்யாது. தார்ப்பாய் போட்டு மூடி வைத்தாலே எந்தப் பெட்டியின் ஆயுளும் கூடும்.

இன்னொன்று ஐஸ். பாலிப்ரொப்பிலீன் ஹோமோபாலிமர் (வேறெதுவும் சேராத வகை) விறைத்துப்போகும் வெப்பம் சரியாக 0 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஐஸ் போட்ட பெட்டி நிற்பதும் அங்கேதான். களிமண் கலந்தால் அடி தாங்கும் திறன் இன்னும் குறையும். ஐஸ் வெட்டும் கடப்பாரை நுனி பட்டாலோ, நிரம்பிய பெட்டியைப் படகின் விளிம்பிலிருந்து தளத்தில் இறக்கிப் போட்டாலோ பிளப்பது அதனால்தான். கோபாலிமரில் (எத்திலீனும் சேர்ந்த வகை) வார்த்தால் ஓரளவு சமாளிக்கும். எச்.டி.பி.இ. விறைத்துப்போகும் வெப்பமோ சைபருக்குக் கீழே நூறு டிகிரிக்கும் அப்பால். ஐஸ் அதற்குக் குளிரே இல்லை. விறைப்பு குறைவுதான், அடிப்பாகம் கொஞ்சம் தொய்யும். தொய்ந்தாலும் உடையாத பெட்டிதான் கடல் வேலைக்கு உதவும்.

பிளவு எங்கே தொடங்கும் என்பதும் தெரிந்ததே: அடிப்பாகத்தில் கேட் இருந்த தழும்பைச் சுற்றி, கைப்பிடி மூலையில், இரண்டு உருகல் ஓட்டங்கள் சந்தித்த கோட்டில். அந்தக் கோட்டில் களிமண் தகடுகள் கோட்டுக்கு இணையாகப் படுத்துவிடும். இரு பக்க பிளாஸ்டிக்கும் அங்கே சரியாகப் பின்னிக்கொள்வதில்லை.

லேப் வசதி இல்லாதவர் கடையிலேயே பார்க்கக்கூடியவை சில உண்டு. அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பெட்டியை உருவி, உள்ளே முகத்தை வைத்து மோந்து பாருங்கள். சிதைந்த பூச்சிலிருந்து வரும் அமீன் கிட்டத்தட்ட மீன் கவிச்சு போலவே இருக்கும். மீன் போட்ட பிறகு கண்டுபிடிக்கவே முடியாது, அதனால் புதுப்பெட்டியிலேயே பார்த்தாக வேண்டும். கவிச்சு அடித்தால் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து, பெட்டியைக் கவிழ்த்து கேட் தழும்பைப் பாருங்கள். பழுப்பு வளையமோ கரும்புள்ளியோ இருந்தால் வெந்த சரக்கு. ஒரே லாட்டில் நாலு பெட்டிகளை வெளிச்சத்தில் பிடித்தால் நிறம் ஒன்றாக இருக்க வேண்டும். நீல நிறத்தில் மஞ்சள் தெரியாது, லேசான பச்சை ஓட்டமாகத் தெரியும். கறுப்புப் பெட்டியில் எதுவுமே தெரியாது. விளிம்பை வளைத்தால் கோபாலிமர் வெள்ளையடிக்கும், அது இயல்பு. வெள்ளையடிக்காமலே டக்கென்று விரிசல் விட்டால் சங்கிலி ஏற்கெனவே அறுந்திருக்கிறது. கடைசியாக, ஒரு பெட்டியில் ஐஸும் தண்ணீரும் நிரப்பி ராத்திரி முழுக்க வைத்து, காலையில் இடுப்பு உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் மூலை படும்படி போட்டுப் பாருங்கள். மொத்தமாக வாங்கும்போது ஒரு பெட்டியைப் பலி கொடுப்பதில் நட்டமில்லை.

உள்ளே இருப்பது களிமண்தானா என்பதே சில நேரம் கேள்வி. சுண்ணாம்புத் தூளைக் கலந்துவிட்டு ‘நானோ’ என்று பெயர் வைப்பது சுலபம். ஒரு துண்டை மஃபிள் உலையில் 550 டிகிரியில் எரித்துச் சாம்பலை எடை போடச் சொல்லுங்கள். 4 சதவீதம் பூசிய களிமண் என்றால், பூச்சு எரிந்துபோய் ஏறக்குறைய 2.5 சதவீதம் சாம்பல் நிற்கும். நிறமிக்காகக் கொஞ்சம் கூடலாம். 10, 15 என்று வந்தால் அது வேறு சரக்கு. சாம்பலின் மேல் வினிகர் சொட்டினால் நுரைத்தால் சுண்ணாம்பு. களிமண் நுரைக்காது. தகடுகள் பிரிந்தனவா என்பதை எக்ஸ்-ரே டிஃப்ராக்‌ஷன்தான் காட்டும். நல்ல கலவையில் 2 முதல் 4 டிகிரி கோணத்தின் பக்கத்தில் வரைபடத்தில் மங்கிய மேடு இருக்கும். பூச்சு போய் அடுக்கு சுருங்கியிருந்தால் அது 6, 7 டிகிரிக்கு நகர்ந்துவிடும். மேடே இல்லை என்பதை மட்டும் வைத்து ‘முழுசாகப் பிரிந்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். களிமண் மிகக் குறைவாக இருந்தாலும் மேடு தெரியாது.

நைலானுக்கு வருவோம். வலைக் கப்பி, உருளை, புஷ் ஆகியவற்றுக்கு நைலான்-6 உடன் களிமண் சேர்த்தது நல்ல தேர்வு. நைலானுக்கும் களிமண்ணுக்கும் இயல்பாகவே ஒட்டும், தனிப் பசை வேண்டியதில்லை. விறைப்பு ஏறும், தண்ணீர் இழுக்கும் வேகம் குறையும், கப்பி உப்பி அச்சில் இறுகுவது தள்ளிப்போகும். உருவாக்கும்போதே களிமண் சேர்த்த ரியாக்டர் கிரேடு கிடைத்தால் அதையே கேளுங்கள். கலந்து செய்ததாக இருந்தால் உருகல் 235 முதல் 245 டிகிரிக்குள் நிற்க வேண்டும். அந்தச் சூட்டில் பூச்சு வேகமாகச் சிதையும், ஆகவே நேரத்தை இன்னும் குறுக்க வேண்டும். நைலான்-66 உருகுவதே 260 டிகிரிக்குப் பக்கத்தில். சாதாரண அமோனியப் பூச்சு அங்கே நிற்காது. இமிடசோலியம், பாஸ்போனியம் பூச்சு உள்ள களிமண் வேண்டும்.

நைலானில் ஈரம்தான் பெரிய எதிரி. 0.2 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் உருகலில் தண்ணீரே சங்கிலியை வெட்டும், களிமண் கொண்டுவந்த ஈரமும் சேர்ந்துகொள்ளும். சாதாரண ஹாப்பர் டிரையர் வெளிக்காற்றைச் சூடாக்கி ஊதுவது; மண்டபத்து மழைக்காலக் காற்றை ஊதினால் நைலான் உலராது. பனிநிலை (காற்றின் ஈரம் நீராகத் திரளும் வெப்பநிலை) சைபருக்குக் கீழே 30, 40 டிகிரி உள்ள டிஹியூமிடிஃபையர் டிரையரில் 80 டிகிரி, 4 முதல் 6 மணி நேரம். அவசரத்துக்கு 100 டிகிரி வைத்தால் உலர்த்தும்போதே மஞ்சளாகும். வார்த்து எடுத்த கப்பியை உடனே மாட்டினால் அடிபட்டதும் தெறிக்கும். கனத்துக்கு ஏற்றபடி நாள் கணக்கில் தண்ணீரில் ஊற வைத்துப் பிறகு மாட்டுங்கள்.

மண்டபம் பக்கம் கடல்பாசித் தெப்பத்துக்குக் கட்டும் கயிற்றிலும் மிதவையிலும் களிமண் கலந்தது என்று வந்தால் வாங்கவே வேண்டாம். மெல்லிய இழைக்கு வெயில் படும் பரப்பு அதிகம்; அங்கே களிமண்ணால் நன்மை எதுவும் இல்லை.

குளிர் அறைக்குக் களிமண் பெட்டியையே எடுப்பதென்று முடிவு செய்தால் பில்லில் இவை இருக்கட்டும்: பாலிப்ரொப்பிலீன் கோபாலிமர் என்ற சொல், லாட் எண், வார்த்த தேதி, மெல்ட் ஃப்ளோ முன்னும் பின்னும். உணவு தொடும் பொருள் என்பதால் பாலிப்ரொப்பிலீனுக்கு ஐ.எஸ். 10910, எச்.டி.பி.இ. என்றால் ஐ.எஸ். 10146, ஐ.எஸ். 9845 முறைப்படி எடுத்த மைக்ரேஷன் (பெட்டியிலிருந்து உணவுக்குள் கசிவது) சோதனைத் தாள் வார்த்த பெட்டிக்கே இருக்க வேண்டும், மூலக் குருணைக்கு மட்டும் இருப்பது போதாது, ஏனென்றால் அமீன் உண்டாவது வார்க்கும்போதுதான். உடைந்த பெட்டிகளைப் பழைய பிளாஸ்டிக்காரருக்குப் போடும்போது எச்.டி.பி.இ. பெட்டிகளோடு சேர்த்துப் போடாமல் தனியாகக் கட்டி, களிமண் கலந்தது என்று சொல்லிக் கொடுங்கள்; இல்லாவிட்டால் அந்த இரும்பும் அமிலமும் அடுத்து வார்க்கப்படும் பெட்டிக்குள் போய்ச் சேரும்.